முப்பத்தேழாவது மெஷின்

வீட்டைப் பெருக்குறது ஒரு குத்தமா சார்? சொல்லுங்க. குப்பையை அள்ளி வெளிய கொட்டுனவனைப் பிடிச்சு, நீதான்யா தப்பு பண்ணே, எழுதிக் குடுன்னா அவனுக்குக் கோபம் வருமா, வராதா?

நீங்க எழுந்திரிக்க வேணாம், உக்காருங்க. உங்களைச் சொல்லலை. மனசுக்குள்ள பேசிட்டு வந்தது வாயில வந்துருச்சு. அந்தப் பையை மட்டும் கொஞ்சம் தள்ளி வச்சுக்கங்க. இந்தக் கவர் கசங்கக் கூடாது. உள்ள முப்பத்தோரு பக்கம் இருக்கு. பதினொன்றரைக்கு இதைக் கொண்டுபோயி மதுரையில எங்க நிர்வாகத்து மேஜையில வைக்கணும். வச்சுட்டு, இந்தாங்க, யார் தப்புன்னு இதுல பாத்துக்கங்கன்னு சொல்லிட்டுத் திரும்பி வந்துருவேன். அதுக்கு மேல ஒரு வார்த்தை பேச மாட்டேன். பேசவே மாட்டேன் பாருங்க.

இந்த டிக்கெட்டைக் கொஞ்சம் பாருங்க சார், மதுரை மண்டேலா நகர்னுதானே போட்டிருக்கு? கண்டக்டர் அவசரத்துல காரியாபட்டிக்கு அடிச்சுட்டாரான்னு ஒரு சந்தேகம். கண்ணாடி இல்ல எனக்கு. காலையில கட்டில்ல வச்சுட்டு நானே மேல உக்காந்துட்டேன். கடைக்காரன்கிட்டப் போனா, நாளன்னைக்கு வாங்கங்கிறான். நாளன்னைக்கு! கண்ணாடி இல்லாம ஒரு மனுஷன் ரெண்டு நாள் என்ன பண்ணுவான்னு ஒரு யோசனை வேணாம்? கையில இருக்க எழுத்து தெரியாம திண்டாடுறேன், அவன் பாட்டுக்கு டீ குடிச்சிட்டிருக்கான். அடுத்தவன் கஷ்டம் எவனுக்குத் தெரியுது?

மண்டேலா நகர்தானே? சரி. நல்லது.

என் பேரு தவசிலிங்கம். அருப்புக்கோட்டைக்கு வெளிய ஒரு பாலிடெக்னிக். பேரு எதுக்கு, விடுங்க. அங்க கம்ப்யூட்டர் லேப் என் பொறுப்பு. பத்தொம்போது வருஷம் சார். இன்னைக்குப் பிரின்ஸ்பாலா இருக்காரே, அவருக்கு மெயில்ல போட்டோ சேத்து அனுப்பக் கத்துக் குடுத்தது நான். அவர் என்னைக் கூப்பிட்டு, "தவசி, ரெண்டே ரெண்டு வரி எழுதிக் குடுய்யா, பிரச்சினை முடிஞ்சிரும்"ங்கிறார். என்ன ரெண்டு வரி? 'மெஷின்ல இருந்த சாப்ட்வேரை நான்தான் எடுத்தேன். அமுதவல்லி மேடம் மேல தப்பில்லை.' அப்படி எழுதணுமாம். எழுத மாட்டேன்னுட்டேன். லேப் சாவியைக் கேட்டாங்க, குடுத்துட்டேன். அதோட விட்டாங்களா? பாஸ்வேர்டை மாத்திட்டாங்க சார்! நான் வச்ச பாஸ்வேர்டை! இப்ப மூணு வாரமா ஆபீஸ் ரூம்ல ஒரு மூலையில உக்காந்து அட்மிஷன் பாரத்துக்கு ஸ்டேப்ளர் அடிச்சிட்டிருக்கேன். பியூன் வந்து "சார், பின்னு வேணுமா"ன்னு கேக்கிறான். கேக்கும்போது சிரிக்கிறான்.

நான் பண்ணது என்ன? தேவையில்லாததை எடுத்தேன். அவ்வளவுதான்.

லினக்ஸ்னு கேள்விப்பட்டிருக்கீங்களா? விண்டோஸ் இருக்குல்ல, அதுக்குப் பதிலா கம்ப்யூட்டர்ல போடுறது. எங்க லேப் பூராவும் அதுதான், நான் போட்டது. அதைப் போட்டா கூடவே நூத்துக்கணக்குல சாப்ட்வேர் வந்து உக்காந்துக்கும். சீட்டு விளையாட்டு இருக்கும். நம்மகிட்ட இல்லாத பிரிண்டருக்கு டிரைவர் இருக்கும். நம்ம ஊர்ல எவனும் பேசாத பாஷைக்கெல்லாம் எழுத்து இருக்கும். கல்யாண வீட்டுல கூப்பிடாம வந்து முதல் பந்தியில உக்காருறவங்க மாதிரி. கேட்டா, அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும்பாங்க. எப்படி இருக்க விடுறது? ஒவ்வொண்ணும் இடத்தை அடைக்கும், அப்டேட் கேக்கும், நம்ம வேலையில குறுக்க வந்து நிக்கும்.

நின்னுச்சு சார். அதான் கதையே.

ஏப்ரல்ல பிராக்டிகல் பரீட்சை. எலெக்ட்ரானிக்ஸ் பிள்ளைகளுக்கு ஒரு சின்ன சர்க்யூட் போர்டு குடுப்போம். அதைக் கம்ப்யூட்டர்ல சொருகி, புரோகிராம் ஏத்தி, ஒரு சின்ன பல்பை விட்டு விட்டு எரிய வைக்கணும். முப்பத்தாறு போர்டும் புதுசு. சொருகுறோம், ஒரு நொடி தெரியுது, மறு நொடி காணோம். வேற மெஷின்ல சொருகினாலும் அதே கதை. வெளியூர் எக்ஸாமினர் வர்றதுக்கு மூணு நாள்தான் இருக்கு. கேபிள் கோளாறுன்னு ஒருத்தர் சொல்றார், போர்டு கோளாறுன்னு ஒருத்தர் சொல்றார். டிபார்ட்மெண்ட் ஹெட் வாசல்ல நின்னுக்கிட்டு, "என்ன தவசி, உன் லினக்ஸ் காலை வாரிருச்சா?"ங்கிறார். நல்லா ஓடுனா காலேஜ் லினக்ஸு, ஓடலைன்னா என் லினக்ஸு.

ரெண்டு நாள் நகரலை நான். சாப்பாடு லேப்லயே. கண்டுபிடிச்சேன். உள்ள ஒரு சாப்ட்வேர், பேரு பி ஆர் எல் டி டி ஒய். கண்ணு தெரியாதவங்க விரலால தடவிப் படிக்கிற பிரெய்ல் இருக்குல்ல, அதுக்குன்னு ஒரு பெட்டி வரும். அந்தப் பெட்டியையும் கம்ப்யூட்டரையும் சேத்து வைக்கிறதுதான் இதோட வேலை. எங்க போர்டுல இருக்க சிப்பும் சில பிரெய்ல் பெட்டியில இருக்க சிப்பும் ஒரே ரகம். நாம போர்டைச் சொருகின உடனே இது ஓடி வந்து, நம்ம பெட்டிதான் வந்திருக்குன்னு நினைச்சு அதைக் கைப்பத்திக்குது. அப்புறம் நம்ம புரோகிராமுக்கு வழி எங்க இருக்கும்? உலகம் பூராவும் எலெக்ட்ரானிக்ஸ் லேப்காரன் ஒவ்வொருத்தனும் இதைத் திட்டித் தீத்திருக்கான், நெட்டுல போட்டுப் பாருங்க. எல்லாரும் சொல்ற மருந்து ஒண்ணுதான். எடுத்துரு. உனக்கு அது தேவையில்லை, எடுத்துரு.

எடுத்தேன். போர்டு தெரிஞ்சுச்சு. பல்பு எரிஞ்சுச்சு. பிள்ளைங்க கை தட்டுச்சு சார்.

அப்ப ஒரு வேகம் வந்துச்சு பாருங்க எனக்கு. இது ஒண்ணு இவ்வளவு பாடு படுத்துச்சே, இன்னும் என்னென்ன உள்ள உக்காந்திருக்குன்னு ஒரு லிஸ்ட் போட்டேன். நாப்பத்திமூணு. விளையாட்டு, ஸ்கேனர், ரேடியோ, ஸ்கிரீன்ல இருக்கிறதை வாய்விட்டுப் படிக்கிற ஒண்ணு, எல்லாம். என் சீட்டுல உக்காந்துக்கிட்டே ஒரே கமாண்ட்ல எல்லா மெஷினுக்கும் அனுப்பிட்டேன். சாதாரணமா அது ஒவ்வொரு மெஷின்லயும், இதெல்லாம் எடுக்கப் போறேன், சரியான்னு ஒரு தடவை கேக்கும். அத்தனை மெஷினுக்கு யாரு உக்காந்து பதில் சொல்றது? கேக்காதே, எடுன்னு அதுக்கும் ஒரு வழி இருக்கு. சேத்துப் போட்டுட்டேன். நாலு நிமிஷத்துல வேலை முடிஞ்சுது. அன்னைக்கு சாயங்காலம் வீட்டுக்குப் போயி, கோமு, இன்னைக்கு ஒரு பெரிய சுத்தம் பண்ணேன்னு என் சம்சாரத்துக்கிட்ட பெருமையாச் சொன்னேன். அவ, "நம்ம பரணைச் சுத்தம் பண்ணச் சொல்லி எத்தனை வருஷமாச்சு"ங்கிறா.

லேப்ல முப்பத்தாறு மெஷின். லிஸ்ட்ல முப்பத்தேழு. முப்பத்தேழாவது லைப்ரரியில இருக்கு. அதையும் நான்தான் அந்த லிஸ்ட்ல சேத்து வச்சிருந்தேன், அங்கயும் இங்கயும் நடக்க முடியலைன்னு. அதுல போயி அந்தம்மா உக்காரும்னு எனக்கு என்ன ஜோசியமா தெரியும்?

அமுதவல்லி மேடம். இங்கிலீஷ். சின்ன வயசுதான், முப்பது இருக்கும். பிறந்ததுல இருந்தே பார்வை கிடையாது. ரெண்டு வருஷமா தற்காலிகமா வேலை பாக்குது. பிள்ளைகளுக்கு அந்தம்மா கிளாஸ்னா உசிரு, அதைச் சொல்லணும். நான் இல்லைன்னு சொல்லலை. அந்தம்மாவுக்குத்தான் நான் முன்ன சொன்ன பிரெய்ல் பெட்டி இருக்கு. கீபோர்டு அகலத்துக்கு ஒரு பெட்டி, அதுல வரிசையா பொடிப் பொடியா முனை. ஸ்கிரீன்ல என்ன எழுத்து வருதோ அதுக்குத் தக்கபடி முனை எழும்பும், இறங்கும். விரலை வச்சு ஓட்டிட்டே போகும்.

பரீட்சை முடிஞ்சு அஞ்சாவது நாள், நிரந்தர வேலைக்கு ஆள் எடுக்கிறாங்க. மதுரையில இருந்து நிர்வாகக் கமிட்டி மூணு பேர். லைப்ரரி ஹால்லதான் புரொஜெக்டர் இருக்கு, அதனால அங்க வச்சு டெமோ கிளாஸ். ஒரு பிள்ளை எழுதின கடுதாசியைப் பென் டிரைவ்ல குடுப்பாங்க. அங்கயே படிச்சு, தப்பைத் திருத்தி, பாடம் நடத்திக் காட்டணும். அந்தம்மா பெட்டியைச் சொருகுது. முனை எழும்பலை. கழட்டிச் சொருகுது. எழும்பலை. ரெண்டு கையையும் அதுமேல வச்சுக்கிட்டே உக்காந்திருக்காம். பத்து நிமிஷம், கால் மணி நேரம். மூணு பேரும் பாத்துட்டே இருக்காங்க. "வாய்விட்டுப் படிக்கிறதாவது இருக்கும் சார், அதுல கேட்டுக்கிறேன்"னு தேடியிருக்கு. அதுவும் இல்லை. அதையும் நான் எடுத்திருந்தேன், அது வேற விஷயம்.

அப்பத்தான் என்னைக் கூப்பிட்டு விட்டாங்க. போனேன். மெஷினைப் பாத்தேன். ஓடுது. கீபோர்டு வேலை செய்யுது, மவுஸ் வேலை செய்யுது, நெட் வருது. கமிட்டித் தலைவர், "மெஷின்ல ஏதும் கோளாறா?"ன்னு கேட்டார். "மெஷின் நல்லா இருக்கு சார், ஓட்டத் தெரியணும்"னு சொன்னேன்.

உண்மைதானே? மெஷின்ல கோளாறு ஏது? நான் பராமரிக்கிற மெஷின் சார் அது! மூணு பெரிய மனுஷங்க முன்னால என் மெஷின் கெட்டுப்போச்சுன்னு சொல்லச் சொல்றீங்களா? அவங்க அதை அப்படியே மினிட்ஸ்ல எழுதிக்கிட்டாங்க. 'இயந்திரம் நல்ல நிலையில் இருந்தது என ஆய்வகப் பொறுப்பாளர் தெரிவித்தார்.' அவங்க எழுதிக்கிட்டதுக்கு நான் என்ன பண்ண முடியும்?

இப்ப அந்த ஒரு வரியை வச்சுத்தான் எல்லாம் நிக்குது. அந்தம்மாவுக்குக் கம்ப்யூட்டர் வச்சுப் பாடம் நடத்த வராதுன்னு முடிவு பண்ணி வேற ஒருத்தரைப் போடப் போறாங்க. இன்னைக்குப் பதினொன்றரைக்குக் கையெழுத்து ஆகுது. ஆயிட்டா ஜூன்ல அந்தம்மா காலேஜுக்கு வர வேணாம். நான் அந்த ரெண்டு வரியை எழுதிக் குடுத்தா இன்னொரு தடவை டெமோ வைப்பாங்களாம். இதெல்லாம் பிரின்ஸ்பால் சொல்றது. பாவம்தான். எனக்கு மட்டும் ஈரம் இல்லையா? ஆனா பாவம் பாத்து நான் போயி தப்புன்னு ஒத்துக்க முடியுமா? பத்தொம்போது வருஷத்துல ஒரு மெமோ வாங்குனதில்லை சார் நான்.

என் கோபம் என்னன்னா, அந்தம்மா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமா இல்லையா? சார், நான் அந்த மெஷின்ல இப்படி ஒண்ணு வச்சிருக்கேன், பாத்துக்கங்கன்னு. ஒரு வார்த்தை. இல்ல, ஒரு பேப்பர்ல எழுதி மெஷின்மேல ஒட்டச் சொல்லியிருக்கலாம். லைப்ரரியில கோந்து இல்லையா, பேப்பர் இல்லையா? 'இதைத் தொடாதே'ன்னு ரெண்டு வார்த்தை. அது இருந்திருந்தா நான் கை வச்சிருப்பேனா?

வந்து கேட்டுச்சு. டெமோ முடிஞ்ச மறுநாள், லேப் வாசல்ல நின்னுச்சு. "சார், பெட்டியில உயிரே இல்லாம இருந்துச்சு. நீங்க ஏதாவது மாத்துனீங்களா?"ன்னு. எனக்குச் சுருக்குன்னு வந்துருச்சு. பிள்ளைங்க பாத்துட்டிருக்கு. "மேடம், உங்க பெட்டியை நான் கையால கூடத் தொட்டதில்லை. அதுல யாரு என்ன போட்டாங்க, யாரு எடுத்தாங்கன்னு என்னைக் கேட்டா?"ன்னேன். கொஞ்ச நேரம் அப்படியே நின்னுச்சு. அப்புறம், "சரிங்க சார்"னுட்டு, கம்பை ஊனி நடந்து போயிருச்சு. எதுக்கு சார் அப்படி நிக்கிறது? சண்டை போடணும்னா போட வேண்டியதுதானே? பேசாம நின்னு நின்னு மத்தவங்களை ஏன் கெட்டவனாக்கணும்? மூணு வாரமா அந்த நிப்பு என் கண்ணை விட்டுப் போகலை. நினைச்சாலே பத்திக்கிட்டு வருது.

காரியாபட்டியா இது? காரியாபட்டிதான். இங்க அஞ்சு நிமிஷம் நிப்பான். வெள்ளரிக்கா வாங்கிக்கங்க. வேணாமா? சரி.

இப்பத்தான் விஷயமே. கவனமாக் கேளுங்க. லேப்ல இருக்க முப்பத்தாறு மெஷின்ல அந்த பிரெய்ல் சமாச்சாரம் தானா வந்தது. ஆனா லைப்ரரி மெஷின் பழசு. மெமரி பத்தாது. அதுல நான் போட்டது வேற, லேசான லினக்ஸு. அதுல பிரெய்ல், கிரெய்ல் எதுவும் கூட வராது. அப்ப அது எப்படி வந்துச்சு? எவனோ கையால போட்டிருக்கான்! பொறுப்புல இருக்க என்கிட்டக் கேக்காம, ரிஜிஸ்டர்ல ஒரு வரி எழுதாம, எவனோ ஒருத்தன் நல்ல பேரு வாங்கணும்னு போட்டுக் குடுத்திருக்கான். போட்டுட்டு மறந்துட்டான். போட்டவனுக்குப் பொறுப்பு கிடையாது, எடுத்தவனுக்குத்தான் தண்டனையா? மன்னிப்புக் கேக்கணும்னா அவன் கேக்கட்டும். என் சந்தேகம் லைப்ரரியன் பால்ச்சாமி மேல. லைப்ரரிக்குன்னு தனி லாகின் குடுத்திருக்கேன், அதுல போட முடியும்.

லினக்ஸ்ல ஒரு நல்லது என்னன்னா, யாரு எதை என்னைக்குப் போட்டான், எதை எடுத்தான்னு ஒரு வருஷத்துக்குப் பதிவு இருக்கும். லாக்குன்னு பேரு. அழியாது. பொய் சொல்லாது. யாரு லாகின்ல போட்டானோ அவன் பேரைப் போட்டு வச்சிரும். அந்த லாக்கைத்தான் முப்பத்தோரு பக்கமா அடிச்சுக் கொண்டுபோறேன். எனக்குத்தான் பாஸ்வேர்டு இல்லையே, அதனால பால்ச்சாமிக்கே போன் பண்ணி, கமாண்டை ஒவ்வொரு எழுத்தாச் சொல்லி அடிக்கச் சொன்னேன். அவனை வச்சே அவனைப் பிடிக்கிறேன் பாத்தீங்களா! காலையில பஸ் ஸ்டாண்டுக்கே வந்து கவர்ல போட்டுக் குடுத்தான். குடுத்துட்டு, "சார், போறதுக்குள்ள ஒரு தடவை படிச்சுப் பாத்துட்டுப் போங்க"ங்கிறான். முகத்துல ஒரு பயம் இல்லை. எத்தன் சார்.

படிக்கத்தான் கண்ணாடி இல்லையே. உங்களுக்குப் பொடி எழுத்து தெரியுமா? கொஞ்சம் பாத்துச் சொல்றீங்களா? அந்தப் பக்கத்தை மேல வச்சுக்கிட்டா அங்க போயி தேட வேண்டியதில்லை. இந்தாங்க. கடைசிப் பக்கத்துல நான் எடுத்த நாப்பத்திமூணும் வரிசையா இருக்கும், அதை விட்டுருங்க. முன்னால பாருங்க. இன்ஸ்டால்னு போட்டு, பக்கத்துல பி ஆர் எல் டி டி ஒய். மேல தேதி இருக்கும், கீழ ரிக்வெஸ்டட் பைன்னு போட்டுப் பேரு இருக்கும். மெதுவாப் பாருங்க, அவசரம் இல்லை. வலையங்குளம் தாண்ட இன்னும் நேரம் இருக்கு.

இருக்கா? எந்தப் பக்கம்? அஞ்சா? தேதி என்ன போட்டிருக்கு?

ஆகஸ்ட் பதினாலு. சரி. பேரு? லைப்ரரின்னு இருக்கணும்.

என்னது?

இல்ல சார். அது எடுத்ததுக்கு இருக்கும், ஏப்ரல்ல. நீங்க மாத்திப் பாக்கிறீங்க. அஞ்சாம் பக்கத்தைப் பாருங்க. இன்ஸ்டால்தானே அது? நல்லாப் பாருங்க. எழுத்துக் கூட்டிச் சொல்லுங்க.

டி எச் ஏ வி ஏ... சரி. போதும். சத்தமாப் படிக்காதீங்க.

ஆகஸ்ட் பதினாலு.

மறுநாள் கொடியேத்தம். கிரவுண்டுல தோரணம் கட்டிட்டிருந்தாங்க. எல்லாரும் சீக்கிரம் கிளம்பிட்டாங்க, நானும் லேப்பைப் பூட்டிக் கையில சாவியோட நிக்கிறேன். ஒரு துண்டுல சுத்தி என்னத்தையோ நெஞ்சோட அணைச்சுக்கிட்டு வந்துச்சு... வந்தாங்க. வந்தாங்க சார். "சார், இது நேத்துத்தான் வந்துச்சு. எப்படிப் போடுறதுன்னு யாருக்கும் தெரியலை. தவசி சாரைக் கேளுங்கன்னு பால்ச்சாமி சார் சொன்னாங்க"ன்னாங்க. லைப்ரரிக்குக் கூட்டிட்டுப் போனேன். ரெண்டு மணி நேரம் ஆச்சு. எனக்கும் அது புதுசு. போட்டு முடிச்சதும் அந்த முனை எல்லாம் பொடுபொடுன்னு எழும்புச்சு. மேடம், விரலை வைங்கன்னேன்.

வச்சாங்க. கறுப்பு ஸ்கிரீன்ல முதல்ல என்ன இருக்கும்? லாகின் பேருதான் இருக்கும். அதை விரலால தடவி, ஒவ்வொரு எழுத்தாப் படிச்சு, "சார், உங்க பேருல்ல வருது!"ன்னு சிரிச்சாங்க. அது லாகின் மேடம், அப்படித்தான் வரும்னேன். "இருக்கட்டும் சார். ஸ்கிரீன்ல இருக்கிறதை யாரும் படிச்சுச் சொல்லாம நானாப் படிக்கிறது இதுதான் முதல் தடவை"ன்னாங்க.

நான் கேட்டேன் சார். இப்ப ஞாபகம் வருது. நான்தான் கேட்டேன், மேடம், இதை எடுத்துராதீங்கன்னு ஒரு பேப்பர்ல எழுதி மெஷின்மேல ஒட்டிரவான்னு. "எதுக்கு சார்? நீங்கதான் இருக்கீங்களே"ன்னாங்க.

அவங்களுக்குத் தெரியும். அன்னைக்கு லேப் வாசல்ல நின்னப்பவே தெரியும். உங்க பெட்டியை நான் தொட்டதே இல்லைன்னு பிள்ளைங்க முன்னால சொல்றேன், இவன் பொய் சொல்றான்னு நினைச்சிருப்பாங்க. பொய் இல்ல சார், மறந்துட்டேன், சத்தியமா மறந்துட்டேன். நூறு வேலையில அது ஒரு வேலை எனக்கு. அவங்க யார்கிட்டயும் சொல்லலை பாருங்க, போட்டதும் இந்த ஆளுதான்னு. பிரின்ஸ்பால்கிட்டக் கூடச் சொல்லலை. சொல்லியிருந்தா என்னை ஸ்டேப்ளர் அடிக்கக் கூட விட்டிருக்க மாட்டாங்க.

அந்தப் பக்கத்துக்குக் கீழ நம்பர் போட்டிருக்கா? போட்டிருக்கா. போட்டிருந்தா என்ன, முப்பத்தோரு பக்கத்துல யாரு உக்காந்து எண்ணப் போறா? அஞ்சாவதை மட்டும் உருவிட்டா மத்தது எல்லாம் சரியாத்தான் இருக்கு. அது ஒண்ணுதானே எனக்கு... குடுங்க இப்படி.

வேணாம். குடுக்காதீங்க. நீங்களே வச்சிருங்க. என் கையில தராதீங்க சார் அதை.

வெக்கமா இருக்கு. கோபம் போகலை, அது அப்படியேதான் இருக்கு. இவ்வளவு நேரம் எவனோ ஒருத்தன், எவனோ ஒருத்தன்னு வஞ்சுட்டு வந்தேனே. அவனை என்ன பண்றது இப்ப?

மணி என்ன? பத்தே முக்காலா? பேனா இருக்கா உங்ககிட்ட? அந்தக் கடைசிப் பக்கத்துக்குப் பின்னால வெள்ளையாத்தான் இருக்கும், அதுல எழுதிருவோம். என்னால முடியாது, எழுத்து தெரியலை. நான் சொல்றேன், நீங்க எழுதுங்க. நிர்வாகக் கமிட்டிக்குன்னு போடுங்க. மன்னிப்புன்னு ஆரம்பிக்காதீங்க, அதை அவங்ககிட்ட நேர்ல போயி கேட்டுக்கிறேன். நடந்ததை எழுதுங்க. லைப்ரரியில இருக்க முப்பத்தேழாவது மெஷின்ல அமுதவல்லி மேடத்துக்காக ஆகஸ்ட் பதினாலாம் தேதி பிரெய்ல் சாப்ட்வேரைப் போட்டது நான். ஏப்ரல்ல கேக்காம எடுத்ததும் நான். போட்டாச்சா? டெமோ அன்னைக்கு மெஷின் நல்லா இருக்குன்னு நான் சொன்னது தப்பு. தப்புன்னே போடுங்க, தவறுன்னு இழுக்காதீங்க. சாட்சிக்கு அஞ்சாம் பக்கத்தைப் பாக்கவும்.

அவ்வளவுதான். ரெண்டு வரின்னு சொன்னார் அந்த மனுஷன், நாலு வரி ஆயிருச்சு.

ஒரு தடவை படிச்சுக் காட்டுங்க. ம். ம். சரியா இருக்கு.

கையெழுத்து நானே போடுறேன். பேனாவைக் குடுங்க. எங்க போடணும்? ரோடு வேற குண்டும் குழியுமா இருக்கு, எழுத்து மேலயே போட்டுறப் போறேன். என் விரலைப் பிடிச்சு அந்த இடத்துல வைங்க சார். இங்கயா? இங்கதானே?